குளுக்கோஸ் தண்ணீர்

உப்பை வாரும்போது பலகையைக் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டால் அடிச்சேறும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்த அப்பாவுக்கு அந்தக் கறுப்பு தெரியவில்லை. மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷமாக வாரியவர். இந்தப் பருவத்துக்குள் கண் சரியாகாவிட்டால் பலகையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு இரண்டு முறை போய்த் திரும்பினோம். சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது லென்ஸ் வைத்தால் புண் ஆறுவது கஷ்டம், சீழ் பிடித்தாலும் பிடிக்கும், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டைகளில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து வைத்தேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கினேன். கொடுத்ததை அப்பா அப்படியே சாப்பிட்டார். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. எனக்குத் தெரியாமல் எதையோ தின்கிறார் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க உப்பளத்துக்குப் போனேன். என் கண்ணெதிரேயே தண்ணீர் பாட்டிலில் குளுக்கோஸ் பொடியைக் கொட்டிக் கலக்கினார். வெயிலில் மயக்கம் வராமலிருக்க அங்கே எல்லாரும் குடிப்பதுதான்.

"அப்பா, இது சர்க்கரைப்பா."

"டேய், இது மருந்துக் கடையில வாங்கினது. ஆஸ்பத்திரியிலயே இதைத்தானே ஏத்துறாங்க?"

பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்தார். "படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கோண்ணா. நாளைக்கு உப்புலயும் சர்க்கரை இருக்குதும்பான்."

அப்பா சிரிக்கவில்லை. பாட்டிலை வரப்பில் கவிழ்த்தார்.

"தினம் ரெண்டு பாட்டிலு குடிக்கிறேன். நீ ஏம்பா இதைக் கேக்கவே இல்ல?"

வீட்டில் தின்பதை மட்டும்தான் நான் கேட்டிருந்தேன்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு குளுக்கோஸுக்குப் பதிலாக மோர் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை இறங்கியிருந்தது. வலது கண்ணில் லென்ஸ் வைத்தார்கள். புரை போனதோடு முடியவில்லை, விழித்திரையைச் சர்க்கரை கெடுக்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் அப்பா உப்பளம் பக்கமே போகவில்லை.

திரும்பிப் போன அன்று நானும் கூடப் போனேன். வரப்பில் நின்று ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை.

"இந்தக் கண்ணுக்கு வெள்ளையா இருக்குது. அதுக்கு இன்னும் டீ ஊத்தின மாதிரிதான்."

பிறகு சித்தப்பாவின் குவியலைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்பா, உன் உப்புல சேறு கிடக்குது பாரு."

மேஸ்திரி அதைக் கேட்டுக்கொண்டேதான் கடந்து போனார். பலகையை வேறு ஆளிடம் கொடுக்கும் பேச்சையே எடுக்கவில்லை.