பாஸ்போர்ட் அலமாரியின் சாவி

மலேசியாவில் செரண்டா என்ற ஊரில் மரச்சாமான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் நான் குமாஸ்தா. விடுதியும் விடுப்பும் என் பொறுப்பு. நேபாளத்திலிருந்து வந்து வேலை செய்தவர்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் என் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தது. அதன் சாவி என் கழுத்தில் வேலை அட்டையோடு தொங்கும். ஒரு பாஸ்போர்ட் தொலைந்ததில்லை, ஒன்றில் ஈரம் பட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அது தப்பு என்று தோன்றவே இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். கோலசிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், பிறப்புப் பத்திரமோ கல்யாணப் பத்திரமோ, எல்லாவற்றையும் ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொடுத்துவிடுவார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கரையான் அரிக்கும், கூரை ஒழுகும். ஆபீஸில் இரும்புப் பெட்டி இருந்தது. கொடுத்தவர்கள் ரசீது கேட்டதில்லை. கேட்டால் கிராணியைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். அடுத்தவர் காகிதத்தைக் காப்பாற்றி வைப்பது பெரிய உபகாரம் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

மரத்துக்கு மெருகு போடும் பிரிவில் ஒருவர் இருந்தார். ஊரில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று மூன்று முறை வந்து பாஸ்போர்ட் கேட்டார். ஒப்பந்தம் முடியட்டும், இங்கே பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று மலாயில் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் நகரவில்லை.

“பத்திரமா இருக்குன்னு தெரியும் மேடம். எனக்கு அது வேணும்,” என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நன்றி கெட்ட மனிதன் என்று நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மாதங்களில் எங்கள் கேண்டீனில் ஒரே பேச்சு. கட்டாய வேலை வாங்கிச் செய்த சரக்கு என்று சந்தேகம் வந்தால் சில நாடுகள் அதைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுகின்றனவாம். அவர்கள் ஊர்ச் சட்டத்தை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று எல்லாரும் பொருமினார்கள். நானும் தேநீரை ஆற்றிக்கொண்டே தலையாட்டினேன். பிறகு எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம் விசாரணைக்கு ஓர் அம்மாளை அனுப்புவதாகக் கடிதம் எழுதியது. மேலாளர் நம்மவர்தான், என்னைவிட இளையவர். ஒரு கட்டுத் தாளோடு வந்தார். விரும்பித்தான் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தோம், கேட்டால் உடனே கிடைக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது.

“எல்லார்கிட்டயும் சைன் வாங்கிருங்க அக்கா. அந்தம்மா கேட்டா, கேட்டவொடனே கொடுத்துருவோம்னு சொல்லுங்க. வேற ஒன்னும் பேச வேணாம் லா.”

“கொடுக்கறதில்லையே சார்.”

“கொடுத்தா எல்லாம் ஓடிருவானுங்க அக்கா. புரொடக்‌ஷன் லைன் நின்னுரும். அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல.”

அவர் சும்மா பயமுறுத்தவில்லை. எனக்குப் புக்கிட் பெருந்துங்கில் கடனில் வாங்கிய வீடு, கல்லூரியில் மகள். என் வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

ஆனால் படித்துப் பார்க்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்கும் பழக்கம் எனக்கில்லை. அந்த அம்மாள் அனுப்பியிருந்த கேள்வித்தாளையும் சேர்த்துப் படித்தேன். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்று அதில் இருந்தது. அது எந்த ஊர்ச் சட்டம் என்று பார்த்தால், மலேசியச் சட்டம். எத்தனையோ வருஷமாக நம் புத்தகத்திலேயே இருக்கிறது. கப்பல் நின்றால்தான் நமக்குக் கண் தெரியுமா என்று வெட்கமாகப் போயிற்று.

இருந்தும் வேலைக்குப் பயந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். மெருகு போடுபவர் தம் முறை வந்தபோது தாளை மெதுவாகப் படித்தார். “இதுல கையெழுத்துப் போட்டா கொடுப்பீங்களா மேடம்?” என்று கேட்டார். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. தோட்டத்தை விற்று ஆபீஸை மூடியபோது, எங்கள் காகிதங்களைக் கேட்டு அம்மா நாலு நாள் அந்த வாசலில் நின்றார். அண்ணனின் பிறப்புப் பத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்காக அண்ணன் வருஷக்கணக்கில் அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைந்தார். கிராணி கெட்டவர் இல்லை. அவரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

விசாரணை நாளில் மேலாளர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கிறதா என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை,” என்றேன். “ஒருவர் மூன்று முறை கேட்டார். சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை.”

கம்பெனி கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் என்று சொன்னதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், யார் என்ன நினைத்தாலும் சரி.

இரண்டு வாரம் மேலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் காலையில் மேசை மேல் வேலைநீக்கக் கடிதம் இருக்கும் என்று பயந்துகொண்டேதான் உள்ளே நுழைவேன். வந்தது வேறு உத்தரவு. எல்லாப் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், விடுதியில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வைக்க வேண்டும், அதுவரை புதிய ஆர்டர் கிடையாது என்று வாங்கும் நிறுவனம் சொல்லிவிட்டதாம். கொடுத்த பிறகு இரண்டு பேர் போய்விட்டார்கள். லைன் நிற்கவில்லை.

மெருகு போடுபவர் தம்முடையதை வாங்கிப் பிரித்து, தம் படத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். விடுப்புத் தாள் கேட்டார், கொடுத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையையே பணயம் வைத்தவள் இல்லையா, எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் அவரிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கயிற்றுக் கட்டிலில் அவருடைய அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இவர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்குக் கீழேயும் நன்றி என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும்.