கார்வெட்டில் அம்மாவுக்கு இடமில்லை

அவளிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கார்களை வைத்துக் கேட்டேன். வகுப்பு முடிந்ததும், ஒரு பழைய அமெரிக்கக் கார் பத்திரிகையோடு ரங்கூன் தாமுவே சந்தையில் அவளுடைய அம்மாவின் லுங்கிக் கடைக்குப் போய் நின்றேன். அவள் அப்பா தமிழர், அம்மா பர்மியர். அம்மாவுக்குத் தமிழ் பாதி புரியும்.

"இது கார்வெட். ரெண்டே பேர் உட்காரலாம். வளைவுல சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும். இது ஜி.டி.ஓ. பார்க்க வீட்டுக் கார் மாதிரி, உள்ள ராட்சச எஞ்சின். நேர் ரோட்டுல இதை எவனும் பிடிக்க முடியாது. உனக்கு எது வேணும்?"

இரண்டையும் ரங்கூனில் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கார்வெட் என்று அவள் சொல்லிவிட்டால், "என்னோடு வருவாயா?" என்று கேட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அவள் படங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஜி.டி.ஓ."

என் முகம் தொங்கிவிட்டது. "ஏன்? கார்வெட் எவ்வளவு அழகு!"

"அழகுதான். அதுல அம்மா எங்க உட்காருவாங்க? தம்பி எங்க உட்காருவான்? அவங்க இல்லாம என்னை உங்ககூட இன்யா ஏரிக்கு விடுவாங்களா?"

காதலர்கள் உலாவும் அந்த ஏரியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை!

அந்த நிமிடமே கட்சி மாறினேன். வளைவாவது வழுக்கலாவது, கார் என்றால் அது ஜி.டி.ஓ.தான்.

லுங்கி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் பர்மிய மொழியில் சொன்னார்:

"முன் சீட்டு எனக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே காரை ஏரிக்குள்ள விட்டுடுவீங்க."