பால் கட்டிய நாட்கள்

மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள், அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனேன்.

பிரசவத்துக்காகத் திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்த்தவள் நான். சொந்தப் பிள்ளையைப் பார்த்தால் மட்டும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அவள் அழுதால் அடுத்த வீட்டில் யாருடைய குழந்தையோ அழுவதுபோல் இருந்தது. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்குப் புள்ள மேல பாசமே வரலம்மா."

"வாய மூடுடி. பச்ச உடம்புக்காரி இப்படி அழுதா பால் வத்திப்போகும்" என்றவள், ஜெபமாலையை என் தலையணைக்கு அடியில் வைத்தாள். கணவரிடம் போனில் சொன்னதற்கு, "எல்லாப் பொம்பளைகளுந்தான் பெக்குறாங்க" என்றார். அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை அம்மா குளிக்கப் போயிருந்தாள். நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருப்பாள் என்று தோன்றியது. நைட்டிமேல் துண்டைப் போட்டு, சில்லறைப் பர்ஸை எடுத்துக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் முதலில் கண்ணில் பட்ட வண்டியில் ஏறினேன். வத்தலக்குண்டில் எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். தையல் போட்ட இடம் வலித்தது. பால் கட்டி மார்பு கல்லாகி, துண்டுவரை நனைந்திருந்தது.

கொய்யாப்பழம் விற்ற ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ள எங்கத்தா?"

"வீட்டுல."

"எம்புட்டு நாளாச்சு?"

"பன்னெண்டு."

அவர் என்னிடம் நம்பர் வாங்கி என் கணவரைப் போனில் கூப்பிட்டார். அவர் வந்து சேரும்வரை ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழம் விற்றார்.

மறுநாள் கணவரின் அக்கா, என் மதினி, குஜிலியம்பாறையிலிருந்து வந்தார். "இவளை நம்பிப் புள்ளைய விட்டுட்டுப் போக என்னால முடியாது" என்று தூக்கிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் கணவர் என்னை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். "இது நோய்ம்மா, மருந்து இருக்கு" என்ற டாக்டர், கணவரைப் பார்த்து, "முதல்லயே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாத்திரைகள் மெல்லத்தான் வேலை செய்தன. ஒருநாள் மகளுடைய சின்னச் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தபோது, அவளைத் தூக்க வேண்டுமென்று கை பரபரத்தது. அதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. பால் எப்போதோ நின்றிருந்தது.

குஜிலியம்பாறைக்கு நான் போனபோது மகள் மதினியின் இடுப்பில் இருந்தாள். இரண்டு பல் முளைத்திருந்தது. நான் கையை நீட்டியதும் மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

"கொண்டு போ, உன் புள்ளதான" என்றார் மதினி. அவர் கண்ணும் நிறைந்திருந்தது. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கழுத்திலிருந்து பிரித்து அவளை என்னிடம் கொடுத்தார்.

இப்போது மகளுக்கு ஏழு வயது. போன வாரம் என் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் பாப்பாவா இருக்கையில எல்லாப் போட்டோலயும் அத்தைதான் இருக்காங்க. நீ எங்க போன?"

"எனக்கு உடம்பு சரியில்ல."

"காய்ச்சலா?"

"ஆமா" என்றேன். அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.