மாப்பிள்ளை அண்ணனான கதை

என் மகளுக்கு மாப்பிள்ளை முடிவானது அவள் பிறந்த அன்று. அறந்தாங்கிக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த என் அண்ணன் சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "என் மகனுக்குப் பொண்ணு பொறந்தாச்சு" என்றார். அவர் மகனுக்கு அப்போது நான்கு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற அந்த மாப்பிள்ளையும் "என் பொண்டாட்டி" என்று தொட்டிலைப் பிடித்து ஆட்டினான். எனக்கும் சந்தோஷம்தான். நானும் என் வீட்டுக்காரரும் மாமன் மகள், அத்தை மகன். எங்கள் குடும்பத்தில் பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் வீட்டுப் பாத்திரத்தைத் தெருவில் போட்ட மாதிரி பேசுவார்கள்.

மகளுக்கு ஒரு வயது நெருங்கும்போது நான் டைபாய்டில் படுத்தேன். பால் வற்றிவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்தபோது அவள் பசும்பாலுக்கும் குழைந்த சோற்றுக்கும் மாறியிருந்தாள். கொஞ்ச நாளில் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு விரல் நுனிகளிலும் பின்பக்கத்திலும் கொப்புளம், பொருக்கு. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. தலைமுடியோடு புருவமும் உதிர்ந்தது. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற பிள்ளை பொழுதெல்லாம் சிணுங்கினாள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், அம்மை என்றார்கள். நான் காய்ச்சலோடு கருவாடு தின்றதுதான் காரணம் என்றாள் ஒரு புண்ணியவதி. நான் கஞ்சியைக்கூட வாயில் வைக்க முடியாமல் கிடந்தவள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அந்தப் புண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். என் மூத்த மகனுக்கு. மார்பில் வேப்பெண்ணெய் தடவி அவனைப் பால் மறக்கடித்தோம். மறந்தான். அதன் பிறகு இதே புண், இதே வயிற்றுப்போக்கு. அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு அவன் இல்லை. நோய் என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்ப்பால் நின்ற பிறகுதான் வந்தது என்பது மட்டும் தெரிந்தது.

அண்ணன் மனைவியை நான் மச்சி என்பேன். அப்போதுதான் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது, பாலுக்குக் குறைவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"மச்சி, இவளுக்கும் ஒரு வாய் பால் குடுங்க."

மச்சி கை நீட்டிவிட்டார். அண்ணன்தான் பதறினார். "இரு இரு. பால் குடுத்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளை அந்தத் தாயின் பிள்ளைகளுக்கெல்லாம் உடன்பிறப்பாகிவிடும். பால்குடி உறவுக்குள் நிக்காஹ் கூடாது. இது எங்கள் மார்க்கச் சட்டம். மச்சியின் பால் உள்ளே போனால் அண்ணன் மகன் என் மகளுக்கு அண்ணன்.

"மக இருந்தாத்தானே மாப்பிள்ளை?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

அண்ணன் வியாபாரி. நஷ்டமில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். "வாய் வச்சுக் குடிச்சாத்தான் ஒறவு. பாலாடையில ஊத்துனா அது மருந்து மாதிரி" என்றார். மருந்து புகட்டுகிற மூக்கு வைத்த கிண்ணம்தானே பாலாடை. எங்கள் வீட்டில் வெள்ளியில் ஒன்று இருந்தது. மச்சி பாலைப் பீச்சிக் கொடுப்பார், நான் புகட்டுவேன். காலை, மதியம், அந்தி என்று என் மகள் சப்புக்கொட்டிக் குடித்தாள்.

வயிற்றுப்போக்கு முதலில் அடங்கியது. பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வந்தது. ஒரு காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு நான் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், கருவாட்டுப் புண்ணியவதி உட்பட.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: "வயித்துக்குள்ள போனது பாலா, பாலாடையா?"

அண்ணன் வீட்டுக்கு வந்த வேகத்தில் பாலாடையைப் பிடுங்கி முற்றத்தில் வீசினார். "எல்லாம் போச்சு. அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியாம்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மச்சி சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "அப்பறம் என்னங்க? இனிமே பீச்சுற வேலை மிச்சம்" என்று சொல்லி, என் மகளை வாங்கி முந்தானைக்குள் அணைத்துக்கொண்டார். மாப்பிள்ளையாக இருந்தவன் இரண்டு நாள் முறைத்தான். பிறகு தங்கச்சி என்று கூப்பிடப் பழகிவிட்டான்.

மச்சியின் பால் நின்றதும் புண் திரும்ப வந்தது. நல்லவேளையாக, புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த மாத்திரையில் புண்ணும் சேர்ந்து ஆறியது. ஏன் ஆறுகிறதென்று அவருக்கே புரியவில்லை. மாத்திரையை விட்டால் புண், போட்டால் சுகம். உடம்பில் துத்தநாகம் ஒட்டாத பிறவி நோய் அது என்று வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார்கள். தகர வாளிக்குப் பூசுகிறதே, அதே துத்தநாகம்.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்த டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் நானும் வீட்டுக்காரரும் அண்ணனும் அவளைக் கூட்டிப்போனோம். வழக்கம்போல அண்ணன் மகனும் ஒட்டிக்கொண்டான். வேறு பிள்ளைகள் உண்டா என்று டாக்டர் கேட்டார், இறந்துபோன மூத்தவனைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

"ஆமாங்க. அத்தை மகன்தான்."

"இது ரத்தத்துல வர்ற நோய் மாதிரி தெரியுது. இந்தப் பொண்ணையும் சொந்தத்துலயே குடுத்துடாதீங்க. இவ பிள்ளைகளுக்கும் வரலாம்."

அண்ணன் மகன்தான் முந்திக்கொண்டு, "நான் இவளுக்கு அண்ணங்க. எங்கம்மா பால்தான் குடிச்சா" என்றான். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மகள் என் அண்ணன் மடியில் தூங்கிப்போனாள். அவள் புருவத்தை விரலால் நீவிக்கொண்டே அவர் வெகுநேரம் வந்தார். அறந்தாங்கி நெருங்கும்போது என்னிடம் திரும்பினார்.

"அந்தப் பாலாடை எங்க இருக்கு?"

"அலமாரியிலதான். அன்னைக்கு நீங்க வீசுனதுல மூக்கு நசுங்கிப்போச்சு."

"நசுங்குனா நசுங்கட்டும். அதைப் பத்திரமா வையி."