அலெய்ட் செய்யாத சத்தியம்

எங்கள் தெருவில் தையற்காரர் யோஸைத் தெரியாதவர் கிடையாது. அவர் மனைவி அலெய்ட்டைத்தான் பலருக்குத் தெரியாது. கெண்ட் நகரத்தில், லெய் ஆற்றுக்கு எங்கள் பக்கம், நல்ல அங்கி வேண்டுமென்றால் யோஸ் கடைக்குத்தான் போவார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அளவெடுப்பார். பாரீஸில் இந்த வருஷம் கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு உயரம் என்று நேரில் பார்த்து வந்தவர் மாதிரி சொல்வார். அலெய்ட் பின்னறையில் இருப்பாள். அங்கியின் ஓரங்களை இலை இலையாக வெட்டுவது அவள் வேலை.

அப்போது அதுதான் மோகம். அங்கியின் கை தரையைத் தொட வேண்டும், தொட்ட கையின் ஓரமெல்லாம் ஓக் இலையாகத் தொங்க வேண்டும். வசதி உள்ளவர்கள் ஒரு வரிசையோடு விடமாட்டார்கள். ஒன்றின்மேல் ஒன்று படிய அடுக்கடுக்காகக் கேட்பார்கள். கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்து இறுக்குவது என் வீட்டுக்காரர் தொழில். நன்றாக இறுகிய துணி வெட்டினால் நூல் பிரியாது; ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம். அதனால் வெட்டுதான் எல்லாம். பலகையில் துணியை விரித்து, உளியை வைத்து, மரச்சுத்தியால் ஒரே போடு. வளைவுகளுக்குக் கத்தரி. உளி ஒரு நூல் விலகினால் முழுக் கையும் வீண். அவள் கையில் விலகி நான் பார்த்ததில்லை.

எங்கள் பட்டறையில் எப்போதும் வெந்நீர் இருக்கும். வேலை முடிந்ததும் அலெய்ட் வந்து ஒரு வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது மணிக்கட்டை அதில் முக்கிக்கொண்டு உட்காருவாள். மணிக்கட்டு வீங்கி, அவித்த டர்னிப் கிழங்கு மாதிரி இருக்கும்.

“இன்னிக்கு எப்படிக்கா இருக்கு?” என்பேன்.

“இருக்கு. கையோடதான் இருக்கு.”

அதற்கு மேல் பேசமாட்டாள். ஒரு தடவை மட்டும், ஆற்றங்கரை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மரத்துல இருக்குற இலையப் பாத்தாக்கூட எரிச்சலா வருது லீவினா. யாரோ வெட்டச் சொல்லிக் குடுத்துட்டுப் போன மாதிரியே தொங்குது.”

கடையின் பெரிய வாடிக்கைக்காரி அவெசூத். மது வியாபாரியின் மனைவி. பக்கத்து வீட்டுக்காரியின் அங்கியில் இரண்டு அடுக்கு இருந்தால் அவளுக்கு மூன்று வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து, சிவப்பு அங்கி, மூன்று அடுக்கு, உள்ளே பச்சை என்று கேட்டாள். யோஸ் தலையாட்டிவிட்டார். பின்னறையிலிருந்து அலெய்ட் எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, பண்டிகைக்குள்ள மூணு அடுக்கு ஆகாதுங்க. ரெண்டு வச்சுக்கலாமே.”

“உன்ன யாருடி கேட்டா? யோஸ் முடியும்னு சொல்லிட்டாரு.”

யோஸ் சிரித்தார். “அவ எப்பவும் இப்படித்தாம்மா. மூக்கால அழுதுகிட்டே செஞ்சு முடிச்சுருவா.”

செய்துதான் முடித்தாள். பண்டிகை நாளில் அவள் வீட்டில் வாத்துக் கறி தட்டில் இருந்தது. அதை அறுக்க அவளால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்து வந்த தவக்காலத்தில்தான், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், ஒரு துறவி வந்தார். தெற்கேயிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தவர். வெள்ளிக்கிழமைச் சந்தைத் திடலில் மேடை போட்டு, ஆடம்பரப் பொருள்களை எரிக்க எதிரே நெருப்பு மூட்டித் தினமும் பிரசங்கம். கணீரென்ற குரல். “உங்க கைத்துணியில எத்தன இலை தொங்குதோ அத்தன பிசாசு ஊஞ்சல் ஆடுது! ஏழைக்குப் போர்வை இல்ல, நீங்க நல்ல துணிய வெட்டித் தெருப் புழுதியக் கூட்டுறீங்க!” என்று அவர் கத்தும்போது கூட்டம் விம்மும். முதலில் அழுதது அவெசூத். தலைச்சீலையைக் கழற்றி நெருப்பில் போட்டாள். அங்கியைப் போடவில்லை.

அங்கியை யாருமே போடவில்லை, கட்டுப்படியாகாது. எல்லோரும் அதை யோஸ் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இலையை எடுத்துவிட்டு நேராக வெட்டி, மடித்துத் தைத்துக் கொடு என்றார்கள். அலெய்ட்டின் பின்னறை நிரம்பிவிட்டது. தான் வெட்டிய இலைகளைத் தானே கத்தரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போன வாரத்தைவிட இந்த வாரம் வேலை அதிகம்.

“பாவம் செஞ்சாலும் எனக்குத்தான் வேல, மனம் திரும்புனாலும் எனக்குத்தான் வேல,” என்றாள் வாளியில் கையை வைத்துக்கொண்டு.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் ஒரு நாள் நாங்கள் இருவரும் ஹெர்ரிங் மீன் வாங்கப் போனோம். சந்தையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. துறவி கேட்டார்: “இந்த ஊர்ல இதையெல்லாம் வெட்டுறது யாரு? அந்தக் கை யாரோட கை?”

“அதோ, அவதான் சாமி!” என்று முன்வரிசையிலிருந்து அவெசூத் கையை நீட்டினாள்.

கூட்டம் திரும்பியது. அலெய்ட் மீன் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்து போனாள்.

“நீதானாம்மா?” என்றார் துறவி.

“ஆமா சாமி.”

“எவ்வளவு காலமா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

“உன் உளியெல்லாம் கொண்டாந்து இந்த நெருப்புல போடுவியா?”

“போடுறேன் சாமி. இப்பவே வேணுமா?”

அவரே திகைத்துப்போனார். இப்படி உடனே ஒத்துக்கொள்பவர்கள் அவருக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. அவள் வீட்டுக்குத் திரும்ப, பாதிச் சந்தை பின்னாலேயே வந்தது. உள்ளே யோஸ் வழி மறித்தார்.

“அடியே, உனக்கென்ன பைத்தியமா? கொல்லன்கிட்ட நின்னு செஞ்சு வாங்குன உளிடி!”

“ஊரே வாசல்ல நிக்குது. நீங்களே போய்ச் சொல்லுங்க, தரமாட்டோம்னு.”

யோஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். விலகிக்கொண்டார்.

உளிகளை ஏப்ரனில் கட்டிக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக்கூட இல்லை, மொத்தமாக நெருப்பில் கொட்டினாள். மரப்பிடிகள் பற்றி எரிந்தன. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பார்த்தவர்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் மண்டியிட்டே விட்டார்.

திரும்பி வரும்போது கேட்டேன்: “ஏன்க்கா அழுத?”

“புகைடி.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: “நாளைக்குக் காலையில உளியப் பிடிக்க வேண்டாம்னு நெனச்சேன். அதுலயும் கண்ணீர் வந்துருச்சு.”

“இனிமே வெட்டவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டியா?”

“நான் எங்க பண்ணுனேன்? போடுவியான்னு கேட்டாரு, போட்டேன்.”

ஆனால் அன்று மாலைக்குள் சத்தியம் செய்ததாக ஊரெல்லாம் பேச்சு. ஈஸ்டர் வருவதற்குள் நெருப்பில் தேவதூதரை அவள் பார்த்ததாகவும் ஆகிவிட்டது. அவள் ஏப்ரனிலிருந்து ஒரு நூல் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஈஸ்டர் முடிந்து துறவி ப்ரூஜ் நகரத்துக்குப் போனார். மரங்கள் துளிர்ப்பதற்குள் இலைகள் அங்கிக் கைகளுக்குத் திரும்ப வந்துவிட்டன. அவெசூத்தின் மகளுக்குக் கல்யாணம். அவெசூத் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் அப்போது துணி கொடுக்கப் போயிருந்தேன்.

“பொண்ணுக்குக் கல்யாண அங்கி, அலெய்ட். நீ வெட்டுனாத்தான் நல்லாருக்கும்.”

“நான் சாமி முன்னாடி உளிய நெருப்புல போட்டவம்மா.”

“சாமிதான் ஊர விட்டுப் போயிட்டாரே.”

“ஊரு இங்கதானே இருக்கு. அதோ அவதான்னு நீங்கதானே கையக் காட்டுனீங்க?”

யோஸின் முகம் வெளுத்துவிட்டது. மனைவியைத் திட்டவும் முடியாது. தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். “நானே வெட்டித் தர்றேம்மா, இதுல என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டார்.

புது உளிகள் வந்தன. யோஸ் பின்னறைக்குப் போனார். ஜன்னலோர இருக்கை காலியாகக் கிடந்ததை அந்த வாரம்தான் தெரு பார்த்தது. உளி சத்தம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கேட்கும். நடுவில் கெட்ட வார்த்தை கேட்கும். கடைசியில் அங்கியை விரித்துப் பார்த்த அவெசூத், “இது ஓக் இலையா, வாத்துக் காலா?” என்றாள். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் கோயிலுக்குப் போனது.

வெட்டி முடித்த அன்று பகல் சாப்பாட்டுக்கு யோஸால் பட்டாணிக் கஞ்சியைக் கரண்டியில் எடுக்க முடியவில்லை. அலெய்ட் என்னிடம் வந்து வெந்நீர் வாங்கிப் போனாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

“இத்தன வருஷமும் இப்படித்தான் வலிச்சுதா?” என்று கேட்டார் யோஸ்.

“இதைவிடக் கொஞ்சம் கூட.”

“ஏண்டி சொல்லல?”

“சொன்னேங்க. நீங்க பாரீஸ்ல கை எவ்வளவு நீளம்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

அவர் தலை குனிந்தபடி கையைத் தண்ணீரில் விட்டார்.

அதோடு அவளுக்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். யோஸ் ஊடனார்டே ஊரிலிருந்து அக்கா தங்கை இருவரை வெட்டு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குச் சமைப்பது அலெய்ட்டின் தலையில் விழுந்தது. அதைவிடப் பெரிய பாரம் அந்த நல்ல பெயர். பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷன் குடிக்கிறான் என்று பெண்கள் ஜெபிக்கச் சொல்லி வந்து நின்றார்கள். எல்லோரும் பார்ப்பதால் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு ரொட்டியும் தண்ணீரும்தான். ஒரு குவளை பீர் குடிக்கக்கூட என் வீட்டுக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

“வெட்டிக்கிட்டே இருந்திருக்கலாம் போலிருக்கு,” என்றாள்.

கடைசியில் எங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வயதானவர், முட்டிவலிக்காரர். அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

“நான் எந்தச் சத்தியமும் பண்ணல சாமி. அசதியா இருந்துச்சு. அதான் போட்டேன்.”

“அதைப் போய் ஊர்ல சொல்லணும்னு நெனக்கிறியா?”

“சொன்னா மறுபடியும் உளியக் கையில குடுத்துருவாங்க.”

சாமியார் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாராம். “அப்ப சொல்லாத. நீ பொய் ஒண்ணும் சொல்லலியே. இங்க கொஞ்சம் உக்காந்துட்டுப் போ. ஜெபம்லாம் பண்ண வேண்டாம். சும்மா உக்காரு.”

தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள் தூங்கிப்போனாள். மணி அடிக்கும் வரை யாரையும் எழுப்ப விடவில்லையாம் அவர். அதற்குப் பிறகு அடிக்கடி அங்கே போவாள். பக்தி முற்றிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

கை மட்டும் சரியாகவே இல்லை. விரல்கள் பாதிதான் மடங்கும். சட்டைக் கையின் சின்னப் பொத்தான்களை அவளால் போட்டுக்கொள்ள முடியாது. காலையில் கடை திறந்ததும் யோஸ் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, அவரே ஒவ்வொன்றாகப் போட்டு விடுவார். வாடிக்கைக்காரர்கள் வந்து நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிடுவார். அலெய்ட் கையை நீட்டியபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“சீக்கிரம் போடுங்க,” என்பாள் சில நாள்.

“இருடி, வெளிச்சம் வரட்டும்,” என்பார் அவர்.