உறையில் வந்த உத்தரவு

வெங்கடம்மாள் பேரிகை ஊரில் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவள். கையில் முள் ஏறினாலும் வாயில் மாரியாத்தா பேர்தான் வரும். மகள் சுகுணாவும் மருமகன் சிவராஜும் அவளோடுதான் இருந்தார்கள். சுகுணா ஓசூர் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். பிறந்த குழந்தை தங்காமல் போனதிலிருந்து வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. வைத்த சோறு வைத்தபடி காயும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் காலேஜிலிருந்து வினிதா என்ற பெண் வந்தாள். குழந்தையை இழந்து மனசு ஒடிந்த தாய்மாரை வைத்து ஓர் ஆராய்ச்சி. பாதிப்பேருக்கு வாராவாரம் உட்காரவைத்துப் பேசி வைத்தியம். மீதிப்பேரிடம் இப்போதைக்குக் கேள்வி மட்டும், வைத்தியம் அடுத்த வருஷம். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது.

சம்மதம் என்று சுகுணா தலையை ஆட்டினாள், உறை எடுக்கக் கையை நீட்டவில்லை.

"நீங்களே எடுங்கம்மா," என்றாள் வினிதா.

வெங்கடம்மாள் சும்மா எடுப்பாளா? கைகால் கழுவி, சூடம் கொளுத்தி, உறைகளை மாரியாத்தா படத்தின் முன் பரப்பச் சொன்னாள். கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்பார்களே, அதே பயபக்தியோடு கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

கேள்வி மட்டும் என்று வந்தது. அதேபோல் குழந்தையை இழந்த பக்கத்து வீட்டு ராஜாத்திக்கு வைத்தியம் விழுந்தது.

"மாத்திக் குடு தாயி. அவ தெம்பாத்தான இருக்கா? நேத்துக்கூட கொழாயடில எங்கிட்ட சண்டைக்கி நின்னா!"

"ஆள் பாத்து மாத்துனா ஆராய்ச்சியே தப்பாயிடும்மா. ஆனா இதுக்காக நீங்க காத்திருக்கவே வேணாம். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காரு. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

ஷிப்டு முடிந்து வந்த சிவராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"ஏன் அத்த, சூடம் கொளுத்தி ஆத்தாகிட்ட கேட்டது நீங்கதான? அவ பொறுங்கறா. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா அவ பேச்ச மீறுன மாதிரி ஆவாதா?"

அவன் குத்திக்காட்டவில்லை, பயந்துபோய்த்தான் சொன்னான். மறுபடி பூப்போட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஒரே காரியத்துக்கு இரண்டாம் தரம் உத்தரவு கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், மனசு கேட்காமல் வெங்கடம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

"சூளகிரி, கிருஷ்ணகிரி! ஏறும்மா, வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்று கண்டக்டர் கத்தினார்.

படியில் ஒரு காலை வைத்தாள். ஆத்தா கோபித்து, மிச்சமிருக்கிற இந்த மகளையும் எடுத்துக்கொண்டால்? வைத்த கால் தானாகக் கீழே இறங்கியது. கண்டக்டர் விசில் ஊதினார்; பஸ் போய்விட்டது.

சுகுணா, நிறுத்தின இடத்திலேயே நின்றாள். தலையெல்லாம் புழுதி. வெங்கடம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"வூட்டுக்கே போயிடலாமா கண்ணு?"

கேட்டாளே ஒழிய, வெங்கடம்மாளின் கால் வீட்டுப் பக்கமும் நகரவில்லை.