கமிஷனர் வருமுன் வெள்ளையடித்த காலனி

வெள்ளையடிப்பவனைக் கூப்பிடாத வீடு கிடையாது, உட்காரச் சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை. சுவர் ஊறி அவதிப்பட்டவர்களுக்கு மற்றதெல்லாம் தானே புரியும்.

உப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லியனூர் பக்கம் ஒரு காலனி கட்டினார்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். முதல் பொங்கலுக்கு ஒரு வீடு தவிர எல்லாவற்றுக்கும் நான்தான் வெள்ளையடித்தேன். அந்த ஒரு வீட்டுக்காரர், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டார்.

மழைக்காலம் வந்ததும் சுவரெல்லாம் உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்தது. மணப்பட்டுக் கடற்கரையின் உப்பு மணலை லாரியில் கொண்டுவந்து பூசியவர் காண்ட்ராக்டர். ஏச்சு வாங்கியவன் நான். நேரே காண்ட்ராக்டரிடமே போய்க் கேட்டேன்.

"மணல்ல இன்னாபா கோளாறு? நீ அடிச்ச சுண்ணாம்புதான் செவுத்த அரிச்சிடுச்சி."

பண்டிகை

குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. காண்ட்ராக்டர் கோர்ட்டிலும் பழியை என் பேரில்தான் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஊருக்குள் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை.

சுவர்களைப் பார்வையிடக் கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. பொங்கல் முடிந்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். இந்த வருஷம் யாரும் வெள்ளையடிக்க வேண்டாம், சுவர் அப்படியே இருக்கட்டும் என்று சங்கத் தலைவரான வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பதில் சொன்னார்.

"சம்பந்தி வூட்டுலேர்ந்து வராங்கய்யா. கேசுக்காக அழுக்குச் செவுத்துலயா பொங்க வெக்கறது?"

கல்யாண வீடு

என்னை விட்டுவிட்டு அவர்களே சுண்ணாம்பும் வெள்ளையடிக்கிற மட்டையும் வாங்கி அடித்தார்கள். விரிசலில் சிமெண்டும் அப்பினார்கள். கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கே வேலை முடிந்திருந்தது. கமிஷனர் வீடு வீடாகப் பார்த்தார். பக்கத்தில் காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கல்யாண வூடு மாதிரி இருக்குதே, எதுக்குய்யா கேசு?"

பொங்கல் இல்லாத வீடு

கடைசி வீட்டை யாரும் காட்டவில்லை. வெள்ளையடிப்பதை அடுத்த வருஷம் என்று தள்ளின அந்த வீட்டுக்காரர் புரட்டாசியில் இறந்துபோனார். துக்க வீட்டில் பொங்கலும் இல்லை, வெள்ளையும் இல்லை. கமிஷனரை நான்தான் அங்கே கூட்டிப்போனேன். சுவர் முழுக்க உப்பு. விரிசலில் விரல் நுழைந்தது. காண்ட்ராக்டர் என்னைக் கைகாட்டி, "இதையும் கெடுத்தவன் இவன்தான் சார்" என்றார். இறந்தவரின் மனைவி அஞ்சலை எழுந்து வந்தாள்.

"இவரு மட்டை எங்க வூட்டுல பட்டதே இல்ல சார். காண்ட்ராக்டரு கட்டிக் குடுத்த செவுரு அப்படியேதான் கீது, நல்லாப் பாத்துக்குங்க!"

காண்ட்ராக்டர் எல்லாச் சுவரையும் சுரண்டிப் புதுசாகப் பூசித் தர வேண்டுமென்று தீர்ப்பு வந்தது, மறு பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாத்தியார் என்னையே கூப்பிட்டார், அப்போதும் வாசலில் நின்றுதான் பேசினேன்.